கூடுதலாக ஒரு லைட் பாயின்ட்: கேள்வி-பதில்

பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்ததும் பல வீடுகளில் இந்த ஆசை வரும்: "இந்தச் சுவரில் ஒரு லைட் இருந்தால் நன்றாக இருக்குமே!" அப்படி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வயரிங் வேலையில் முப்பது வருடம் கழித்துவிட்டேன். புது விளக்கால் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை விளக்கால் வந்தவை அல்ல. லைனை (கரண்ட் வரும் வயர்) ஓரிடத்திலும் நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இன்னோரிடத்திலும் எடுத்ததால் வந்தவை. கீழே உள்ள பதில்களில் இதுவே திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலில் டிவிக்கு மேலே ஒரு வால் லைட் போட வேண்டும். பக்கத்துச் சுவிட்ச் போர்டிலிருந்தே லைன் எடுக்கலாமா? லோடு தாங்குமா? (திருச்சி வாசகி)

எடுக்கலாம் அம்மா. லோடு பற்றிக் கவலை வேண்டாம். ஒரு லைட் சர்க்யூட்டுக்கு 10 பாயின்ட் அல்லது 800 வாட் என்பது நெடுநாளாக இருக்கும் கணக்கு. குண்டு பல்பு 60 வாட் இழுத்த காலத்தில் வந்தது அது. இன்றைய எல்இடி பல்பு 9 வாட். பத்து பல்பு எரிந்தாலும் 90 வாட்தான், ஒரு பழைய சீலிங் ஃபேனைவிடச் சற்றுக் கூடுதல்.

நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் போர்டில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கை. அதில் அயர்ன் பாக்ஸ் செருகுகிறீர்களா? 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சர்க்யூட்டுக்கு 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) என்றால் மொத்தக் கொள்ளளவே 1380 வாட். அயர்ன் ஓடும்போது இரண்டு ஃபேனும் டிவியும் ஓடினால் அங்கேயே எல்லை நெருங்கிவிடும். பிறகு எம்சிபி விழும், பழி புது லைட் மேல் விழும். "அடிக்கடி விழுகிறது, 16 ஆம்பியர் போட்டுவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். எம்சிபி இருப்பது சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்ற. ஒரு ஸ்கொயர் (1 சதுர மில்லிமீட்டர்) வயருக்கு 16 ஆம்பியர் எம்சிபி போட்டால் எம்சிபி விழுவதற்கு முன்பே வயர் சூடாகிவிடும். அயர்ன் பாக்ஸை 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு மாற்றுங்கள், அதுதான் தீர்வு.

புது லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் காப்பர் வயர் போதும். லைன், நியூட்ரல் இரண்டையும் அதே போர்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கூடவே பச்சை எர்த் வயரும் விளக்கு வரை போக வேண்டும்.

இதை நானே செய்யலாமா? மெயினை ஆஃப் செய்துவிட்டால் பயமில்லைதானே? (மதுரை வாசகர்)

பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் இவற்றைப் பழையதைப்போலவே மாற்றிப் போட விதி இடம் தருகிறது. புதிதாக ஒரு பாயின்ட் சேர்ப்பது அதில் வராது. அதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று வைத்திருப்பவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள். வேலைக்கு வருபவரிடம் வயர்மேன் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல வேலைக்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மெயினைப் பற்றிக் கேட்டீர்களே, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் சீலிங் ரோஸை (கூரையில் விளக்கு வயரை இணைக்கும் வட்டப் பெட்டி) திறக்க ஸ்டூலில் ஏறினேன். மெயின் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். யாரும் தெரியாமல் போட்டுவிட முடியாது என்ற நிம்மதி. ஸ்க்ரூவைத் தொட்ட கையை ஷாக் உதறித் தள்ளியது. கட்டை பையில்தான் இருந்தது. அந்த விளக்கு இன்வர்ட்டர் லைனில் இருந்தது. மெயின் போன மறுநொடியே பேட்டரியிலிருந்து 230 வோல்ட் வர ஆரம்பித்திருக்கிறது. சுவிட்ச் ஆஃபில் இருந்ததால் விளக்கு எரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆகவே இன்வர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை ஆஃப் செய்துவிட்டு, இன்வர்ட்டரின் முன்னால் உள்ள சுவிட்சையும் ஆஃப் செய்யுங்கள். இன்வர்ட்டரை மட்டும் ஆஃப் செய்தாலும் போதாது. மெயின் இருந்தால் ஈபி கரண்ட் அதன் வழியாகவே வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி, வேலை செய்யும் வயரில் வையுங்கள். வயரில் கை வைப்பதற்கு முன், கரண்ட் இருக்கும் ஓரிடத்தில் அதே டெஸ்டரை மறுபடி வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் அது "கரண்ட் இல்லை" என்றுதான் காட்டும். அதை நம்பிக் கை வைத்தவர்களைத் தெரியும்.

புதிதாக ஒரு லைட் போட்டோம். சுவிட்சைப் போட்டாலே ஆர்சிசிபி விழுகிறது. பல்பை மாற்றியும் பயனில்லை. எலக்ட்ரீஷியன் ஆர்சிசிபியை விட்டுவிட்டு நேரடியாக இணைத்துவிடலாம் என்கிறார். (கோவை வாசகர்)

வேண்டவே வேண்டாம். உயிரைக் காக்கும் பெட்டியை ஒரு விளக்குக்காகக் கழற்றி வைப்பதா?

ஆர்சிசிபி செய்வது எளிய கணக்கு. லைனில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் எங்கோ கசிகிறது, யார் உடம்பு வழியாகவோ போகிறது என்று எடுத்துக்கொண்டு விழுந்துவிடும். உங்கள் விளக்குக்கு லைன் ஆர்சிசிபிக்குள் இருந்து வந்திருக்கிறது. நியூட்ரலோ வேறு வழியில் திரும்பியிருக்கிறது. பெரும்பாலும் பக்கத்துப் பெட்டியில் கைக்குக் கிடைத்த கறுப்பு வயரில் முறுக்கியிருப்பார்கள், அது இன்வர்ட்டர் லைனின் நியூட்ரலாக இருக்கும். 9 வாட் பல்பு சுமார் 40 மில்லி ஆம்பியர் எடுக்கும். அந்த நாற்பதும் திரும்பி வராத கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பல்பை எத்தனை முறை மாற்றினாலும் கணக்கு மாறாது.

விளக்கின் நியூட்ரலைக் கழற்றி, லைன் எடுத்த அதே சர்க்யூட்டின் நியூட்ரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அதோடு தீர வேண்டும். விளக்கு ஆஃபில் இருக்கும்போதும், வீட்டில் வேறு எது ஓடினாலும் ஆர்சிசிபி விழுந்தால் கதை வேறு. விளக்கை மாட்ட ட்ரில் போட்டபோது ஸ்க்ரூ சுவருக்குள் இருக்கும் வயரைக் குத்தியிருக்கலாம். அல்லது நியூட்ரலும் எர்த்தும் பெட்டிக்குள் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். தனித்தனி மீட்டர். மாடிப்படி லைட்டை இரண்டு பக்கமும் போட்டு அணைக்கும்படி டூ-வே சுவிட்ச் வைக்கலாமா? (சென்னை வாசகர்)

வைக்கலாம், ஆனால் லைன், நியூட்ரல், இரண்டு சுவிட்ச் எல்லாமே ஒரே மீட்டரில் இருக்க வேண்டும். மேலே உள்ள சுவிட்சுக்கு மாடி போர்டிலிருந்து லைன் எடுத்தால் ஒரே விளக்கில் இரண்டு சர்வீஸ், அதாவது இரண்டு மீட்டரின் கரண்ட், வந்து சேரும். இரண்டும் வேறு வேறு ஃபேஸாக, அதாவது தெருக் கம்பத்தின் வேறு வேறு லைன் கம்பிகளாக, இருந்தால் அந்தப் பெட்டிக்குள் 400 வோல்ட் நிற்கும். மாடிக்காரர் தன் மெயினை அணைத்துவிட்டு வேலை பார்த்தாலும் உங்கள் கரண்ட் அவரைத் தாக்கும். நியூட்ரல் மட்டும் மாறினால்கூட மீட்டரில் கசிவைக் காட்டும் எர்த் லைட் எரியும், இருவருக்கும் யூனிட் ஏறவும் வாய்ப்புண்டு. ஒரு பல்பு செலவுதானே, உங்கள் மீட்டரிலேயே இருக்கட்டும்.

எல்இடி பல்பு சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது. (தஞ்சாவூர் வாசகி)

போர்டில் சிவப்பாக மினுக்கும் இண்டிகேட்டர் உள்ள சுவிட்ச் என்றால் அதன் வழியாகக் கசியும் சின்னக் கரண்ட்தான் காரணம். சுவிட்சை மாற்றினால் போதும். சாதா சுவிட்ச் என்றால் லைனுக்குப் பதில் நியூட்ரலைச் சுவிட்சுக்குக் கொடுத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரகாசமாக எரிந்தால் லைன் நேராக ஹோல்டருக்கு வருகிறது என்று அர்த்தம். பல்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் அது ஆபத்து. உடனே மாற்றுங்கள்.

காரைக்குடியில் பழைய வீடு. மரக் கட்டை மேல் கிளிப் அடித்த வயரிங், அலுமினிய வயர், எர்த் கிடையாது. முற்றத்தில் பித்தளைத் தொங்கு விளக்கு மாட்ட ஆசை.

ஆசை நியாயமானது, அந்த முற்றத்துக்குப் பித்தளைதான் அழகு. ஆனால் அந்த வயரில் கை வைக்காதீர்கள். பழைய அலுமினியம் இரண்டு முறை வளைத்தால் ஒடிந்துவிடும். அதோடு காப்பரை முறுக்கினால் இணைப்பு நாளடைவில் தளர்ந்து, மேலே ஆக்சைடு படிந்து, சூடேறும். இணைப்பின் அருகே கட்டை பழுப்பேறியிருக்கிறதா, கருகிய வாசனை வருகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

இந்த ஒரு விளக்குக்கு டிபியிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) தனியாக லைன், நியூட்ரல், எர்த் மூன்றும் காப்பரில் இழுக்கலாம். உத்தரத்தின் ஓரமாகக் கேசிங் (வயரை மூடும் பட்டை) ஓட்டினால் கண்ணுக்கு உறுத்தாது. நிலத்தில் எர்த் குழியும் போட வேண்டும். பித்தளை விளக்குக்கு எர்த் கட்டாயம். எர்த் இல்லையே என்று நியூட்ரலை விளக்கின் உடம்போடு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் விளக்கு முழுவதும் கரண்டாகிவிடும். எர்த்தே வேண்டாத விளக்குகளும் கிடைக்கின்றன. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி அவற்றில் இருக்கும். ஆனால் உங்கள் பித்தளை விளக்கு அந்த வகையாக இருக்காது.

கேட் தூணில் லைட். போர்ட்டிகோ விளக்கிலிருந்து வயர் இழுத்தால் போதுமா? (நாகர்கோவில் வாசகர்)

போர்ட்டிகோவின் லைன், நியூட்ரல், எர்த் மூன்றையும் எடுக்கலாம். வயர்தான் வேறு. வீட்டுக்குள் ஓடும் சாதா வயரைப் பைப்பில் போட்டு மண்ணில் புதைத்தால் பைப்புக்குள் தண்ணீர் தேங்கும், வயர் அதிலேயே ஊறும். மூன்று கோர் ஆர்மர்டு கேபிளை (உள்ளே மூன்று வயர், மேலே உலோகக் கவசம்) இரண்டரை அடி ஆழத்தில் புதையுங்கள். விளக்கு ஐபி65 (தூசியும் மழைநீரும் புகாத வகை) ஆக இருக்கட்டும், கேபிள் அதன் அடிப்பக்கமாக நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும்.

விளக்கையோ கேபிளையோ இரும்புக் கேட்டில் கட்டாதீர்கள். கேட் ஆடும்போதெல்லாம் கேபிள் உரசும். ஒரு ஐப்பசி மழையில் பால்காரரோ, பள்ளிக்கூடப் பிள்ளையோ ஈரக் கையோடு கேட்டைத் தள்ளும் காட்சியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இந்த விளக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக மட்டுமே வர வேண்டும். அதில் உள்ள 'டி' பட்டனை மழைக்கு முன் அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் ஆர்சிசிபியை மாற்றிய பிறகு கேட் லைட்டைப் போடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங்கில் இன்னும் இரண்டு டவுன்லைட் சேர்க்க, சீலிங்கை உடைக்க வேண்டுமா? (சேலம் வாசகி)

வேண்டியதில்லை. பக்கத்து டவுன்லைட்டைக் கீழே இழுத்தால் அதன் டிரைவருக்கு (எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னப் பெட்டி) வரும் வயர் கிடைக்கும். அங்கிருந்தே லைன், நியூட்ரல் இரண்டையும் எடுத்துப் புது டிரைவருக்குக் கொடுத்தால் அதே சுவிட்சில் எரியும். இணைப்பை டேப் சுற்றி ஜிப்சத்தின் மேல் போட்டுவிடாதீர்கள். டேப்பின் பசை சூட்டில் உருகும், எலியும் கடிக்கும். கனெக்டர் போட்டு, மூடியுள்ள சின்னப் பெட்டிக்குள் வைத்து, வயரை ஃப்ளெக்ஸிபிள் பைப்பில் ஓட்டச் சொல்லுங்கள். அந்தப் பெட்டி டவுன்லைட் துளைக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.