கட்சிக்குப் பணம் கொடுக்கும் முன் பங்குதாரரைக் கேட்க வேண்டாமா?

இருபது ஆண்டுகளுக்கு மேல் கம்பெனி செக்ரட்டரியாக வேலை பார்த்தவள் நான். நிறுவனங்கள் அரசியல் கட்சிகளுக்குத் தரும் பணத்தில் பங்குதாரரின் சம்மதத்துக்கு என்ன இடம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு எழுதுகிறேன்.

கேள்வி (திருச்சி): மேடம், என்னிடம் ஒரு கம்பெனியின் 40 ஷேர் இருக்கிறது. அவர்கள் கட்சிக்கு நன்கொடை கொடுத்தால் என்னைக் கேட்க வேண்டியதில்லையா?

கேட்க வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 182ஆம் பிரிவுப்படி, போர்டு, அதாவது இயக்குநர் குழு, தன் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் போதும். அரசு நிறுவனம் தரக் கூடாது. தொடங்கி மூன்று நிதியாண்டு ஆகாத கம்பெனியும் தரக் கூடாது. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம்தான் உச்சவரம்பு.

இதற்கு முந்தைய பிரிவான 181ஐயும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். அது தர்ம காரியங்களுக்குத் தரும் நன்கொடை பற்றியது. ஓர் ஆண்டில் அந்தத் தொகை சராசரி லாபத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால், பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களின் முன் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். சராசரி லாபம் 100 கோடி ரூபாய் என்று வையுங்கள். தர்ம ஆஸ்பத்திரிக்கு 6 கோடி கொடுக்க உங்கள் ஓட்டு வேண்டும். அதே 6 கோடியை ஒரு கட்சிக்குக் கொடுக்க, போர்டு அறையில் ஏழெட்டுப் பேர் சரி என்றால் முடிந்தது. அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள், ஒரே பக்கம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கேள்வி (கோவை): தேர்தல் பத்திரத் தீர்ப்புக்குப் பிறகு இதெல்லாம் மாறிவிட்டது என்றார்களே?

பாதி மாறியது. தேர்தல் பத்திரம் என்பது கொடுப்பவர் பெயர் வெளியில் தெரியாமல் கட்சிக்குப் பணம் தர இருந்த வழி. 2017 நிதிச் சட்டம் 7.5 சதவீத உச்சவரம்பை எடுத்துவிட்டது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயத்தையும் எடுத்துவிட்டது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பத்திரத் திட்டத்தோடு இந்த இரண்டு திருத்தங்களையும் செல்லாது என்றது. ஆக, வரம்பும் கட்சிவாரிக் கணக்கும் திரும்பி வந்துவிட்டன. ஆனால் பங்குதாரரின் ஒப்புதல் முன்பும் சட்டத்தில் இல்லை, இப்போதும் இல்லை.

கேள்வி (சென்னை): வேறு எந்த நாட்டிலாவது அப்படிக் கேட்கிறார்களா?

பிரிட்டனில் கேட்கிறார்கள். 1998இல் கட்சிகளின் நிதி பற்றி ஆராய்ந்த நீல் கமிட்டி பரிந்துரைத்தது, 2000ஆம் ஆண்டு சட்டமானது. இன்று அது அவர்களுடைய 2006 கம்பெனிகள் சட்டத்தில் இருக்கிறது. 12 மாதத்தில் மொத்தம் 5,000 பவுண்டுக்கு மேல் போனால் பங்குதாரர் தீர்மானம் வேண்டும். அந்த அனுமதி அதிகபட்சம் நான்கு ஆண்டுதான் செல்லும். துணை நிறுவனம் வழியாகக் கொடுத்தாலும் தாய் நிறுவனத்தின் பங்குதாரர்களிடம் வர வேண்டும்.

லண்டனில் பட்டியலிட்ட ஒரு பெரிய கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். ஆடிட்டர் நியமனம், டிவிடெண்ட் என்ற வரிசையில் 'அரசியல் நன்கொடைக்கும் செலவுக்கும் அனுமதி' என்று ஒரு தீர்மானம் நிற்கும். பக்கத்திலேயே தொகை போட்டிருக்கும். பல கம்பெனிகள் 'நாங்கள் கட்சிகளுக்குக் கொடுப்பதில்லை, தெரியாமல் சட்டத்தின் விளக்கத்துக்குள் சிக்கிவிடக் கூடாதே என்று முன்கூட்டியே கேட்கிறோம்' என்று கீழே விளக்கம் எழுதுகின்றன. சட்டம் 'அரசியல் செலவு' என்பதை அவ்வளவு அகலமாக வரையறுத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கடுத்த ஏற்பாடு. அனுமதி இல்லாமல் கொடுத்தால் இயக்குநர்கள் சொந்தக் கையிலிருந்து வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அவர்கள் கட்டாவிட்டால், 50 பங்குதாரர்கள் சேர்ந்து கம்பெனியின் பெயரிலேயே வழக்குப் போடலாம். ஆளுக்குப் பத்து ஷேர் இருந்தாலும் போதும், தலை எண்ணிக்கைதான் கணக்கு. வழக்குச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்றும் கோர்ட்டில் கேட்கலாம். நம் ஊரில் ஒரு தீர்மானத்தைப் பங்குதாரர்களே கொண்டுவர, வாக்குரிமையுள்ள மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு கையில் வேண்டும். சின்ன முதலீட்டாளர் எங்கே போவார்?

கேள்வி (ஓசூர்): அமெரிக்காவில்?

அங்கே கட்டாயம் இல்லை. 2010இல் 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' வழக்கில் 5-க்கு 4 என்று தீர்ப்பு வந்து, கம்பெனிகள் தேர்தல் பிரசாரத்துக்குத் தாமே செலவு செய்யலாம் என்றானது. பிடிக்காத பங்குதாரர்கள் கம்பெனிக்குள் இருக்கும் ஜனநாயக வழிகளில் அதைச் சரிசெய்துகொள்ளலாம் என்று நீதிபதி கென்னடி எழுதினார். அந்த வழியை உண்டாக்க, பங்குதாரர் ஒப்புதலைக் கட்டாயமாக்கும் மசோதா அதே ஆண்டு வந்தது, நிறைவேறவில்லை. செலவை வெளியிடவாவது விதி போடுங்கள் என்று 2011இல் பங்குச்சந்தை ஆணையத்திடம் சட்டப் பேராசிரியர்கள் மனுக் கொடுத்தார்கள். ஆதரித்துப் பத்து லட்சத்துக்கு மேல் கடிதங்கள் குவிந்தன. 2015 முடிவில், அப்படி விதி போட ஆணையம் பணம் செலவழிக்கக் கூடாது என்று பட்ஜெட் சட்டத்திலேயே ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள்.

கேள்வி (ஈரோடு): நான் சின்னதாகத் தொழில் நடத்துகிறேன். எதில் செலவு செய்வது என்பது நிர்வாகத்தின் வேலை. எல்லாவற்றுக்கும் பங்குதாரரைக் கேட்டால் தொழில் நடக்குமா, அம்மா?

நியாயமான கேள்வி. மெஷின் வாங்க என்னைக் கேட்க வேண்டாம். மெஷின் கம்பெனிக்கு உதவுமா என்பதில் என் நலனும் இயக்குநர் நலனும் ஒன்றுதான். கட்சி நன்கொடை அப்படி இல்லை. நான் ஓட்டுப் போடாத கட்சிக்கு என் பணம் போகலாம். அந்தக் கட்சியோடு நெருக்கம் வேண்டியது கம்பெனிக்கா, அதைக் கட்டுப்படுத்தும் புரமோட்டர் குடும்பத்துக்கா என்பதும் வெளியில் தெரியாது. இதே சட்டம் இயக்குநர் சம்பளம் லாபத்தில் 11 சதவீதத்தைத் தாண்டினால் பங்குதாரரைக் கேட்கச் சொல்கிறது. அதனால் தொழில் நின்றுவிடவில்லை.

இது புதிய கவலையும் இல்லை. 1957இல் டாடா அயர்ன் அண்ட் ஸ்டீல், அரசியல் நன்கொடை தர வழி செய்து தன் அமைப்பு விதியைத் திருத்த பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு பங்குதாரர் எதிர்த்தார். தலைமை நீதிபதி சாக்ளா திருத்தத்தை அனுமதித்தார். ஆனால் இந்தப் பழக்கம் வளர்ந்தால் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடும் என்று நாடாளுமன்றத்தை எச்சரித்தார். 1969இல் நன்கொடைக்கு முழுத் தடை வந்தது, 1985இல் அந்தத் தடை நீங்கியது. அந்த வழக்கில் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்புதல் ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்காது. அப்படியும் கேட்பது கேட்காமல் இருப்பதைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி (மதுரை): புரமோட்டரிடமே 60 சதவீதம் இருந்தால் ஓட்டெடுப்பு வெறும் சடங்குதானே?

பாதிக்கு மேல் வாக்கு இருந்தாலே நிறைவேறும் சாதாரணத் தீர்மானமாக வைத்தால் சடங்குதான். சிறப்புத் தீர்மானம் என்றால் பதிவாகும் வாக்கில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். இன்னும் நல்ல வழி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. பட்டியலிட்ட கம்பெனி தன் தொடர்புடையவர்களோடு பெரிய ஒப்பந்தம் போடும்போது, அதை ஆதரித்துத் தொடர்புடையவர்கள் ஓட்டுப் போட முடியாது என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அதே முறையைக் கட்சி நன்கொடைக்கும் கொண்டுவர வேண்டும் என்பேன்.

கேள்வி (சேலம்): சட்டம் வரும்வரை என்ன செய்வது, மேடம்?

ஆண்டறிக்கையில் லாப நட்டக் கணக்கின் குறிப்புகளுக்குப் போங்கள். 'இதர செலவுகள்' என்ற குறிப்பில் மின்சாரம், வாடகை, பயணம் எல்லாம் தாண்டிக் கீழே கட்சி நன்கொடை பற்றிய வரி இருக்கும். அங்கே ஒரு தேர்தல் அறக்கட்டளையின் (நன்கொடைகளை வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்கும் அமைப்பின்) பெயர் மட்டும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அறக்கட்டளை வாங்கியதில் 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்; ஆனால் யார் கொடுத்த பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பது அந்த வரியில் தெரியாது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பொதுக்கூட்டத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்து கேட்டார். மேடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். என்னிடமும் பதில் இல்லை. மறு ஆண்டு அறிக்கையில் அந்தக் குறிப்பு இரண்டு வரி கூடுதலாக வந்தது. இப்போது கூட்டங்கள் பெரும்பாலும் வீடியோவில் நடக்கின்றன. அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் பேச்சாளராகப் பதிவு செய்யுங்கள். கேள்வியைச் சுருக்கமாக எழுதி முன்கூட்டியே மெயிலும் அனுப்புங்கள்: 'சென்ற நிதியாண்டில் எந்தக் கட்சிக்கு அல்லது அறக்கட்டளைக்கு, எவ்வளவு, எந்தத் தேதி போர்டு தீர்மானத்தின்படி கொடுத்தீர்கள்? அடுத்த முறை எங்களிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பீர்களா?'