ஆய்வு மருந்துக்குக் காசு கட்ட வேண்டுமா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: அப்பாவுக்குச் சர்க்கரை, மதுரையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் கம்பெனி நடத்தும் புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், செலவு யாருடையது? வாசலில் ஒருவர், கம்பெனியிடம் 20,000 வாங்கித் தருகிறேன், எனக்கு 3,000 போதும் என்கிறாரே?

முதலில் அந்த ஆளை விரட்டுங்கள். ஆய்வில் சேர்க்க புரோக்கர் என்று யாரும் கிடையாது, ஆதார் நகலோ பாஸ்புக்கோ அவர் கையில் போகவே கூடாது. நோயாளிக்குக் கிடைப்பது பஸ் காசு, சாப்பாடு, கூலி போன நஷ்டம் அவ்வளவுதான். அதையும் ஆய்வுக்கு அனுமதி தந்து கண்காணிக்கும் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஆய்வு மருந்து, ஆய்வுக்கான ரத்தப் பரிசோதனை எல்லாம் கம்பெனி செலவு. 'இந்த டெஸ்ட்டை மட்டும் வெளியே எடுத்துட்டு வாங்க' என்று சீட்டு கொடுத்தால், இது ஆய்வுக்கா என்று கேளுங்கள். கம்பெனி பெரும்பாலும் நோயாளி வந்துபோகும் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறது, டெஸ்ட் செலவும் அதிலேயே அடங்கும். அந்தப் பணம் கணக்கில் ஏறி, கோப்பு மேஜை மேஜையாக நகர்ந்து, உங்கள் அப்பாவின் பஸ் காசாக இறங்குவதற்குள் அவர் நாலு தடவை வந்து போயிருப்பார். எத்தனை வருஷம் சொல்லியாச்சு!

உடம்புக்கு ஏதாவது ஆனால்? புது மருந்து ஆய்வுகளுக்கான மத்திய அரசின் 2019 விதிகளின்படி, அது ஆய்வால் வந்ததல்ல என்று உறுதியாகும் வரை வைத்தியம் இலவசம், ஆய்வால் வந்ததென்றால் இழப்பீடும் உண்டு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அப்பா மாட்டுத்தாவணியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார் என்று வையுங்கள், அது கம்பெனி பொறுப்பல்ல. ஆனால் வாழைப்பழத் தோலில் வழுக்கினாரா, இல்லை மருந்து சர்க்கரையைச் சட்டென்று இறக்கி, தலைசுற்றி விழுந்தாரா? பார்த்த ஜனம் 'வழுக்கிட்டார்' என்றுதான் சொல்லும், அதையே டாக்டரும் எழுதிவிட்டால் போச்சு. அதனால் விழுந்த அன்றே சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லி, ஆய்வை நடத்தும் டாக்டருக்குப் போன் போடுங்கள். அவர் நம்பர் ஒப்புதல் படிவத்தோடு வரும் தகவல் தாளில் இருக்கும், அதன் நகல் உங்களுக்குத் தந்தே ஆக வேண்டும். 'அப்புறம் தர்றோம்' என்றால் கையெழுத்தும் அப்புறம்தான்.

சேர மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சர்க்கரை மாத்திரையை நிறுத்த முடியாது.