அந்த வட்டக் கட்டடம் இனி எதற்கு?

கேள்வி: புது நாடாளுமன்றம்தான் வந்தாச்சே, வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன பழைய வட்டக் கட்டடத்தை இன்னும் எதற்குக் கட்டிக் காக்க வேண்டும்?

பதில்: கட்டியது வெள்ளைக்காரன், சரி. அந்த அறைகளை நம்மவர்கள் என்னவாக மாற்றினார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்த 1919 அரசியல் சீர்திருத்தத்துக்கு முன்னால் புது டெல்லித் திட்டத்தில் இப்படி ஒரு கட்டடமே கிடையாது. மூன்று அவைகளுக்கு இடம் தேவைப்பட்ட பிறகுதான் யோசித்தார்கள். கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் மூன்று சிறகாகக் கட்டலாம் என்றார், அவரோடு வேலை பார்த்த இன்னொரு கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வட்டம்தான் என்று விடாப்பிடியாக நின்று ஜெயித்தார். 1921 பிப்ரவரியில் அடிக்கல், 1927 ஜனவரியில் திறப்பு, செலவு 83 லட்சம் ரூபாய். வீட்டில் பழைய 50 ரூபாய் நோட்டு (ஹம்பி தேர் வருவதற்கு முந்தையது) இருந்தால் திருப்பிப் பாருங்கள், இந்தக் கட்டடத்தைச் சுற்றி நிற்கும் 144 தூண்களில் ஒரு வரிசை தெரியும்.

அந்தத் தூண்களைத் தாண்டி உள்ளே போனால் நடுவில் குவிமாடம் போட்ட மைய மண்டபம், அதைச் சுற்றி மூன்று அவைகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் புல்வெளியும் நீரூற்றுமாக முற்றம். அவைகளில் ஒன்று சமஸ்தான மன்னர்கள் கூடுவதற்காகக் கட்டியது. 1950 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் தொடங்கியது அங்கேதான், 1958 வரை வழக்குகளும் அங்கேயே நடந்தன. இன்னொன்றில் 1929 ஏப்ரல் 8 அன்று பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசிவிட்டு, ஓடாமல் நின்று பிடிபட்டார்கள். மத்திய சட்டசபையாக இருந்த அந்த இடத்தில்தான் பின்னால் மக்களவை கூடியது, பச்சைக் கம்பளத்தோடு. சிவப்புக் கம்பளம் விரித்தது மூன்றாவதான மாநிலங்களவையில்.

எனக்கு நெஞ்சோடு ஒட்டியது மைய மண்டபம். முதலில் அது உறுப்பினர்களுக்கான நூலகம். 1946இல் அதை, நம் அரசியல் சாசனத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபைக்காக மாற்றியமைத்து, டிசம்பர் 9 அன்று அங்கே முதல் கூட்டம் கூட்டினார்கள். நம் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் எழுந்து வாதாடியது அந்தக் கூரைக்குக் கீழேதான். 1947 ஆகஸ்ட் நள்ளிரவும் அங்கேதான், 1950 ஜனவரி 24 அன்று உறுப்பினர்கள் வரிசையாக வந்து சாசனத்தில் கையெழுத்துப் போட்டதும் அங்கேதான். பிற்காலத்தில் அவையில் மோதிக்கொண்ட எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் அதே மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி பேசியிருக்கிறார்கள்.

2023இல் திறந்த புதுக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கை இருக்கிறது, மைய மண்டபம் இல்லை. அதே வருஷம் செப்டம்பரில் பழையதற்கு 'சம்விதான் சதன்' என்று பெயர் வைத்தார்கள். அரசியல் சாசன இல்லம் என்று அர்த்தம். சாசனம் எழுதிய வீட்டையா எதற்கு என்று கேட்கிறீர்கள்?