தென்னாப்பிரிக்காவில் தொழில் பழகுநர் பயிற்சிக்கான நிதி விதிகள் ஏன் அடிக்கடி மாறுகின்றன? பயிற்சி நிலையம் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ராண்டுக்கு மேல் போகும் முதலாளி, அதில் 1 சதவீதத்தைத் திறன் வளர்ச்சி வரியாகக் கட்டுகிறார். பழகுநர் பயிற்சிக்கு வரும் மானியத்தில் பெரும்பகுதி இந்தப் பணம்தான். இந்த வரியில் 80 சதவீதம் ‘சீட்டா’ எனப்படும் துறைவாரி ஆணையங்களுக்குப் போகிறது. (நம்ம ஊர் ஏலச்சீட்டு இல்லை!)

ஊழியர்களுக்கான திறன் திட்டத்தைச் சீட்டாவிடம் ஏப்ரல் 30க்குள் கொடுத்த முதலாளிக்குக் கட்டியதில் 20 சதவீதம் திரும்பக் கிடைக்கும். பயிற்சி நிலையம் கண் வைக்க வேண்டியது இன்னொரு பங்கு: எந்தத் தொழிலுக்குத் தருவது என்று சீட்டாவே முடிவு செய்யும் மானியம். துறையில் எந்த வேலைக்கு ஆள் பற்றாக்குறையோ, பணம் அந்தப் பக்கம் திரும்பும். டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில் கமிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வசூல் வழக்கம்போல நடக்கும். ஆனால் ஒரு வருஷம் காவடிக்கு, மறு வருஷம் ஒழுகும் கூரைக்கு.

விதியை மட்டும் பார்த்தால் போதாது, சான்றிதழையும் பாருங்கள். 2009க்கு முந்தைய பழைய தகுதிகள் (சான்றிதழ் படிப்புகள்) பலவற்றுக்குச் சேர்க்கை 2024 ஜூன் 30உடன் முடிந்தது. டர்பனில் எனக்குத் தெரிந்த ஒரு நிலையம் போன வருஷப் படிவத்தில் தேதியை மட்டும் திருத்தி அனுப்பியது. காலாவதியான தகுதியின் எண் அப்படியே இருந்தது; விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. என்னைக் கேட்டால், ஒவ்வொரு மானிய அறிவிப்பையும் முதல் வரியிலிருந்து புதிதாகப் படிப்பதுதான் வழி.

‘அங்கீகாரம் கிடைத்தால் பணமும் தானாக வரும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அங்கீகாரம் பயிற்சி நடத்துவதற்கான அனுமதி மட்டுமே, மானியத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.