போர் தண்ணீரில் கார் கழுவினால் வெள்ளைத் திட்டு வராமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வியில் இருப்பது இதுதான்: கறுப்பு நிறக் கார், வீட்டில் போர் தண்ணீர் மட்டும், ஷாம்பு போட்டு ஒழுங்காகவே கழுவுகிறார், ஆனால் காய்ந்ததும் வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டு. தண்ணீரை மாற்ற வழியில்லை என்கிறார்.

மாற்ற வேண்டியதும் இல்லை. வண்டியைப் போர் தண்ணீரிலேயே கழுவலாம். எந்தத் தண்ணீர் வண்டியின் மேல் காய்கிறது என்பதுதான் விஷயம். கடைசியாக ஊற்றும் ஒரு பக்கெட் மட்டும் உப்பில்லாத தண்ணீராக இருந்து, அதையும் தானாகக் காயவிடாமல் துணியால் எடுத்துவிட்டால் திட்டு வராது. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கோவையில், சரவணம்பட்டி பக்கம். இந்த ஊரில் தண்ணீர் என்றாலே இரண்டு வகை. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி என்பது சிறுவாணி அணையிலிருந்தோ பில்லூர் அணையிலிருந்தோ வருவது, சில நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும், குடத்திலும் ட்ரம்மிலும் பிடித்து வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணி. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாயின் வாயில் சுண்ணாம்பு கட்டிக்கொள்ளும்.

கார் வாங்கிய முதல் வருடம், ஆயுத பூஜை. காலை பதினோரு மணி வெயிலில் அந்த உப்புத் தண்ணியில் ஆசை ஆசையாகக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். துடைக்கவில்லை, வெயிலிலேயே காயட்டும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் பானெட், கூரை, கண்ணாடி எல்லாம் அம்மை போட்டது போல வெள்ளைப் புள்ளி. மறுநாள் மறுபடியும் கழுவினேன். ஈரமாக இருக்கும்போது போய்விட்டது போலத் தெரிந்தது, காய்ந்ததும் முன்பைவிடக் கூடுதலாக இருந்தது.

ஏன் போகவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. போரில் நாம் இறைப்பது அந்தத் தண்ணீரைத்தான். சுண்ணாம்பு அதில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பானெட்டின் மேல் ஒரு துளி காயும்போது கார்பன் டை ஆக்சைடு காற்றோடு போய்விட, மிச்சம் நிற்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லிலும் முட்டை ஓட்டிலும் இருக்கும் அதே பொருள். வெறும் தண்ணீரில் அது கரையாது என்றே சொல்லலாம். வரும்போது கரைந்து வந்தது, இப்போது கல்லாக உட்கார்ந்துவிட்டது. மறுநாள் அதே தண்ணீரை ஊற்றுவது அதன் மேல் இன்னொரு பூச்சு பூசுவதற்குச் சமம். சூடு கூடக் கூட இது வேகமாக நடக்கும். கீஸர் கம்பியில் கட்டுவதும் இதேதான்.

வட்டமாகத் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. துளியின் ஓரம்தான் வேகமாகக் காயும். அந்த இடத்தை நிரப்ப நடுவில் இருக்கும் தண்ணீர் ஓரத்துக்கு ஓடும், உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மேசையில் சிந்திய காபி காய்ந்தால் ஓரம் மட்டும் கறுத்து நிற்குமே, அது மாதிரி.

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் போர் தண்ணீர் 1,280 காட்டியது. லிட்டருக்கு 1,280 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம். கழுவி முடித்த காரின் மேல் கால் லிட்டர் துளித் துளியாக நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 320 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகை அளவு வெள்ளைப் பொடியைக் கறுப்புப் பெயிண்ட் மேல் நாமே தூவிவிட்டு வருகிறோம். தண்ணீர் குடிக்க லாயக்கானது என்று பரிசோதனைக் கூடம் சொல்லிவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐஎஸ் 10500) டிடிஎஸ் 500 வரை ஏற்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் தண்ணீர் கறுப்புக் காருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை.

மீட்டர் இல்லாமலும் பார்க்கலாம், நான் செய்த சோதனைகளிலேயே உருப்படியானது இதுதான். பழைய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மொட்டை மாடியில் வைத்து, வரிசையாக ஐந்து தண்ணீரில் ஒவ்வொரு சொட்டு விட்டேன்: போர் தண்ணீர், நல்ல தண்ணி, ஆர்.ஓ. மெஷினில் வரும் நல்ல தண்ணீர், அதே மெஷினின் கழிவுத் தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். அரை மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. போர் தண்ணீர் தடித்த வெள்ளை வளையம். நல்ல தண்ணி சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய கோடு. ஆர்.ஓ. தண்ணீரிலும் ஏசி தண்ணீரிலும் தேடினாலும் கிடைக்கவில்லை. ஆர்.ஓ. கழிவு போர் தண்ணீரைவிட மோசம்.

அந்தக் கடைசி விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்.ஓ. கழிவை வீணாக்காமல் வண்டி கழுவப் பயன்படுத்துங்கள் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற அக்கறை சரிதான். ஆனால் மெஷின் உப்பைப் பிரித்துத் தள்ளுவது அந்தக் கழிவில்தான். உள்ளே போகும் தண்ணீரில் இருந்ததைவிட அதில் உப்பு கூடுதல். தரை துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். காரில் முதல் தூசியை அடித்துக் கழுவ வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கடைசித் தண்ணீராக மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்படியென்றால் அந்தக் கடைசி பக்கெட்டுக்கு எங்கே போவது? எனக்குக் கிடைத்த விடை ஏசி. குளிர்ந்த சுருள் மேல் காற்றின் ஈரம் படிந்து வடிவதுதான் அந்தத் தண்ணீர், ஏறக்குறைய காய்ச்சி வடித்தது போல. வெளியே தொங்கும் டியூபை ஒரு கேனுக்குள் விட்டுவிட்டேன். இரண்டு மூன்று ராத்திரி ஏசி ஓடினால் ஒரு வாரக் கழுவலுக்குப் போதும். தூசி இருக்கும், துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். கேனை மூடியே வைக்க வேண்டும், டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கி நிற்கும் சுத்தமான தண்ணீரில்தான். ஐப்பசி கார்த்திகையில் மாடியிலிருந்து வடிகிற மழைத் தண்ணீரையும் பிடிக்கலாம், முதல் மழை மாடியைக் கழுவிவிட்டுப் போன பிறகு. குடிக்கிற நல்ல தண்ணியை நான் எடுப்பதில்லை. நாலைந்து நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீரைக் காருக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

கழுவும் முறை பற்றி. காலை ஏழு மணிக்கு முன் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு, நிழலில். ஓட்டி வந்த சூட்டோடு கழுவாதீர்கள், பானெட்டில் கை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் போர் தண்ணீரில் தூசியைத் தாராளமாக அடித்து விடுங்கள். அப்புறம் கார் ஷாம்பு. துணி சோப்பு வேண்டாம், உப்புத் தண்ணீரோடு சேர்ந்து அது ஒரு பிசுபிசுப்பான படலத்தை உண்டாக்கும். கூரை, கண்ணாடி, பானெட், பக்கவாட்டு என்று மேலிருந்து கீழே ஒவ்வொரு பகுதியாக முடியுங்கள். ஒரு பகுதியைத் தேய்க்கும்போது முன்பு கழுவிய பகுதி காய ஆரம்பித்தால் அதன் மேல் மறுபடி தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருங்கள். ஏசி தண்ணீர் கடைசியில் வருகிறவரை வண்டி காயவே கூடாது.

ஷாம்பு போக அலசும்போது டியூபின் நுனியில் இருக்கும் ஸ்ப்ரே கன்னைக் கழற்றிவிடுங்கள். தூவினால் ஆயிரம் துளியாக நிற்கும். கன் இல்லாமல் கூரையின் மேல் மெதுவாக வழியவிட்டால் தண்ணீர் ஒரே விரிப்பாக இறங்கி, பெரும்பாலான துளிகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். இது காசு செலவில்லாத வேலை, பாதித் திட்டு இதிலேயே குறைந்துவிடும். அதற்குப் பிறகு ஏசி தண்ணீரை மக்கில் எடுத்து, மேலிருந்து நிதானமாக ஊற்றுங்கள். என்னுடைய சின்னக் காருக்கு எட்டு லிட்டர் போதுமாக இருக்கிறது.

உடனே துடையுங்கள். பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்து மேலே போட்டு, இரண்டு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தால் போதும், தேய்க்க வேண்டாம். பழைய பனியன் துணி நீரை அவ்வளவாக உறிஞ்சாது, கோடும் போடும். கதவுகளைத் திறந்து ஓரங்களைத் துடையுங்கள். சைடு மிரர், கைப்பிடி, நம்பர் பிளேட் இடுக்குகளில் தண்ணீர் ஒளிந்திருந்து பத்து நிமிடம் கழித்து வழியும். தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து அந்த இடங்களை மட்டும் மறுபடி ஒத்தி எடுங்கள். வாட்டர் வாஷ் கடைக்குக் கொடுத்தாலும் அந்த இடுக்குகளில் கம்ப்ரசர் காற்று அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

வாக்ஸ் போட்டால் திட்டே வராது என்று நினைக்க வேண்டாம். வாக்ஸ் மேல் தண்ணீர் உருண்டு உருண்டு நிற்பது பார்க்க அழகு, ஆனால் துடைக்காமல் விட்டால் ஒவ்வொரு உருண்டையும் தன் உப்பையெல்லாம் ஒரே புள்ளியில் இறக்கிவிடும். வாக்ஸின் உபயோகம் வேறு: படிந்த உப்பு பெயிண்டை நேராகப் பிடிக்காமல் நடுவில் நிற்கும், எடுப்பது சுலபம். அதற்காகவே நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறேன்.

வீட்டுக்கே சாஃப்ட்னர் போட்டிருப்பவர்கள் மீட்டரை வைத்துப் பார்த்து, டிடிஎஸ் குறையவே இல்லையே, ஏமாந்துவிட்டோமோ என்று பதறுகிறார்கள். அது குறையாதுதான். சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. காய்ந்தால் வெள்ளையாகத் தெரியும், ஆனால் சோடியம் உப்பு தண்ணீரில் கரையும் என்பதால் ஈரத் துணியால் துடைத்தாலே போய்விடும். காருக்காக மட்டும் சாஃப்ட்னர் வாங்குவது எனக்குத் தேவையில்லாத செலவாகத் தெரிகிறது.

அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை ஐந்து மணிக்கு வந்து வண்டி துடைக்கிற அண்ணன் ஒரே பக்கெட் உப்புத் தண்ணியில், ஒரே துணியில் வரிசையாகப் பத்து வண்டி துடைப்பார். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அவருக்குக் கிடைப்பது அந்தக் குழாய் மட்டும்தான். என் தங்கை வீட்டில் ராத்திரியே ஒரு சின்ன பக்கெட் ஏசி தண்ணீரும் சுத்தமான துணியும் காருக்குப் பக்கத்தில் வைத்து, "அண்ணா, நம்ம வண்டிக்கு மட்டும் இதுல துடைச்சிருங்க" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவரும் மறக்காமல் அப்படியே செய்கிறார்.

இனி, ஏற்கெனவே படிந்தது. உங்கள் காரில் இருப்பது புதிது என்றால் சமையல் வினிகர் போதும். நிழலில், பெயிண்ட் குளிர்ந்திருக்கும்போது, வினிகரும் ஆர்.ஓ. தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துத் திட்டின் மேல் ஒரு நிமிடம் ஒத்தி வையுங்கள். கார்பனேட் அமிலத்தில் கரைந்துவிடும். உடனே நல்ல தண்ணீரால் அலசித் துடையுங்கள். அந்த இடத்தில் வாக்ஸும் போயிருக்கும், மறுபடி போட வேண்டும். பல மாதம் வெயிலில் காய்ந்த திட்டு என்றால் வினிகருக்கு மசியாது. நகத்தால் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் இன்னும் மேலேதான் இருக்கிறது. திட்டு போன பிறகும் பள்ளமாக வட்டம் தெரிந்தால் பெயிண்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சையே அரித்திருக்கிறது, பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கிளியர் கோட் என்பது ஒரு தலைமுடியின் தடிமன் கூட இருக்காது. அதனால் அடிக்கடி பாலிஷ் போடுகிற நிலைக்கு வண்டியைக் கொண்டுவராதீர்கள்.

பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை மட்டும் கிட்டவே கொண்டுவர வேண்டாம். என் முதல் வருடத் திட்டை எடுத்துத் தருகிறேன் என்று ஒரு வாட்டர் வாஷ் கடையில் அதைத்தான் தொட்டுத் தேய்த்தார்கள். கண்ணாடியில் இருந்த புள்ளி பாதி போனது. ஜன்னல் ஓரத்து குரோம் பட்டை அங்கேயே மங்கிவிட்டது, அதன் கீழே இருந்த ரப்பரும் வெளுத்துப் போனது. ரப்பரை மாற்றிவிட்டேன். பட்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.