இடுப்பு முறிவு: இரண்டு நாள் கணக்கு

அப்பாவுக்கு 84 வயது. ஆபரேஷன் தாங்குவாரா? (ஓமலூர்)

வயதை மட்டும் காட்டி ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். ஆபரேஷன் செய்தவர்களிலும் ஒரு வருடத்துக்குள் நாலைந்து பேருக்கு ஒருவர் இறந்துபோகிறார் என்பது உண்மைதான். படுக்கையிலேயே விட்டவர்களில் அதைவிட நிறையப் பேர் போய்விடுகிறார்கள். விழுவதற்கு முன் எப்படி நடமாடினார் என்பது முக்கியம். தானே கடைக்குப் போய்வந்த 84, வீட்டுக்குள்ளேயே முடங்கிய 72-ஐவிட நன்றாகத் தேறுவார்.

பாட்டி விழுந்துவிட்டார். பிழைப்பாரா? (ஊர் எழுதவில்லை)

வயது இல்லை, விழுந்த தேதி இல்லை. இதை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் பதில் சொல்ல முடியாது. ஹீமோகுளோபின், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும்), ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), இதய, நுரையீரல் கோளாறு, ஞாபக மறதி, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் தெரிய வேண்டும். ஆல்புமின் 3.5-க்குக் கீழே என்றால் உடம்பு ஏற்கெனவே நலிந்திருக்கிறது என்று பொருள். பதிலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் முடிய வேண்டும்.

அம்மாவுக்குக் கட்டுப் போட்டு ஒன்பது நாளாகிறது. வலி குறையவில்லை, கால் குட்டையாகத் தெரிகிறது. இன்னொரு கட்டுப் போடலாமா? (நாகலூர், ஏற்காடு)

வேண்டாம். இந்தக் கடிதம் மாதாமாதம் ஊர்ப் பெயர் மட்டும் மாறி வருகிறது.

மணிக்கட்டு எலும்பு தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அதை மூங்கில் பத்தையும் துணியும் ஓரளவு பிடித்து நிறுத்தும். இடுப்பு மூட்டு தடித்த தசைகளுக்குள் ஆழத்தில் இருக்கிறது. வெளியே எத்தனை சுற்றுக் கட்டினாலும் முறிந்த முனை அசையத்தான் செய்யும். தசை இழுக்க இழுக்கக் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு நடந்திருப்பது அதுதான்.

கட்டின் கீழே வேறு ஆபத்துகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூட்டுக்குச் சற்றுக் கீழே முறிந்தால் தொடைக்குள் அரை லிட்டருக்கு மேலும் ரத்தம் கசியலாம். வெளியே தெரியாது, ஹீமோகுளோபின் மட்டும் இறங்கும். எழுந்து சிறுநீர் கழிக்கப் பயந்து தண்ணீரைக் குறைப்பார்கள்; சிறுநீரகம் வாடும். மல்லாந்தே கிடந்தால் நுரையீரலில் சளி தங்கி நிமோனியா வரும். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறினால் நிமிடங்களில் உயிர் போகும். ஆகவே அந்தக் காலை எண்ணெய் போட்டு நீவவே கூடாது.

ஒன்பது நாள் போனாலும் இன்றே இறக்கிக் கொண்டு வாருங்கள். தாமதமான ஆபரேஷனும் வலியைக் குறைக்கும், உட்கார வைக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள். காலை நேராக்க இழுக்காமல், இருக்கும் நிலையிலேயே இரு பக்கமும் தலையணை கொடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் அசையக் கூடாது. ஆஸ்பத்திரியில் முதலில், ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கக் காலுக்கு டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

குளோபிடோக்ரல் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறார். ஐந்து நாள் நிறுத்திவிட்டுச் செய்யலாம் என்கிறார்களே? (அஸ்தம்பட்டி)

இந்த மாத்திரைக்காக ஐந்து நாள் படுக்க வைப்பதில் நஷ்டமே அதிகம். முதுகில் மரத்துப்போகும் ஊசி போடாமல் முழு மயக்கத்தில் செய்யலாமா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மற்ற மாத்திரைகளான வார்ஃபரின், அபிக்சாபான் வேறு கணக்கு: முன்னதை வைட்டமின் கே கொடுத்து முறிக்கலாம், பின்னதற்கு ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும். மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முதுகில் ஊசியா, முழு மயக்கமா? எது உயிருக்குப் பாதுகாப்பு? (ஆத்தூர்)

பெரிய ஆய்வுகளில் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. மயக்க மருந்து டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

கம்பி வைத்தாயிற்று. மூன்று மாதம் படுக்கையா? (அம்மாபேட்டை)

மூன்று மாதமா! மறுநாளே கட்டிலோரத்தில் உட்கார வைத்து, வாக்கர் பிடித்து நிற்க வைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் முழு எடையும் ஊன்றலாம். வேண்டாமென்றால் டாக்டரே சொல்வார். சாப்பாட்டில் கஞ்சி மட்டும் போதாது. 50 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் வேண்டும்; முட்டை ஒன்றில் ஆறு கிராம், ஒரு தம்ளர் பாலில் ஆறேழு கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசியை ஏறக்குறைய ஒரு மாதம் போட வேண்டும், பாதியில் விடாதீர்கள்.

இரவில் அம்மா பிதற்றுகிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா? (மேட்டூர்)

கொடுக்காதீர்கள், குழப்பம் கூடும். கண்ணாடி, காது மிஷின் மாட்டுங்கள், பகலில் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். வலி, மூத்திரக் கட்டு, மலச்சிக்கல், காய்ச்சல், சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

எலும்பு பலப்பட வருட ஊசி அவசியமா? (சூரமங்கலம்)

அவசியம். ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதத்துக்குள் ஜோலெட்ரானிக் அமிலம் என்ற இந்த ஊசியை 5 மில்லிகிராம் ஏற்றியவர்களிடம் அடுத்த முறிவும் இறப்பும் குறைந்ததை 2007-இல் வந்த ஆய்வு காட்டியது. இரண்டு வாரம் கழித்து, கிரியாட்டினின் பார்த்து, வைட்டமின் டி குறைவைச் சரிசெய்தபின் போடுவார்கள்.