விங்கி ஏன் அழுகிறாள்?

ஹாரி பாட்டர் கதையில் வரும் விங்கி ஒரு எல்ஃப், அதாவது மந்திரவாதிகளின் வீடுகளில் அடிமையாக வேலை செய்யும் குட்டி இனத்தைச் சேர்ந்தவள். விடுதலை கிடைத்ததும் அவள் அழுவதைக் காட்டி, எல்ஃப்களுக்கு அடிமையாக இருப்பதுதான் பிடிக்கும் என்கிறார்கள் சிலர். இல்லை, அவள் அழுவதால் அப்படி ஆகிவிடாது. அவளுக்கு விடுதலை தண்டனையாகத்தான் வந்தது. எஜமான் துணி கொடுத்தால் எல்ஃபுக்கு விடுதலை; அவளுடைய எஜமான் க்ரவுச் துணியைக் கொடுத்தது அவளை வீட்டைவிட்டுத் துரத்துவதற்கு.

அப்புறம், வெளியே வந்தால் பிழைக்க வழி ஏது? விடுதலையான இன்னொரு எல்ஃப் டாபி, சம்பளம் கேட்டதால் இரண்டு வருடம் வேலை தேடி அலைந்தான்.

ஹாரி பாட்டர் நான்காம் புத்தகத்தின் (2000) சமையலறைக் காட்சியை மறுபடி படித்துப் பாருங்கள். பள்ளித் தலைமையாசிரியர் டம்பில்டோர் வாரம் 10 கேலியன் (மந்திரவாதிகளின் தங்கக் காசு) தர முன்வந்தும், டாபியே பேரம் பேசி ஒன்றாகக் குறைத்துக்கொள்கிறான். சம்பளம் என்ற பேச்சு வந்ததுமே பக்கத்திலிருக்கும் எல்ஃப்கள் ஒட்டுவாரொட்டி நோயைக் கண்டதுபோல் விலகுகிறார்கள். எனக்கு நெஞ்சை அடைத்த இடம் அதுதான். எத்தனை தலைமுறைப் பழக்கம்!

அந்தப் புத்தகத்தை வைத்து எடுத்த படத்தில் தேடாதீர்கள், விங்கியே அதில் இல்லை.